மருந்துப் பயம்

ஆவணி பிறந்தும் வெயில் தாழவில்லை. இந்தப் பக்கத்து வெயிலைக் குறை சொன்னால் பட்டாசு முதலாளிக்குக் கோபம் வரும், மழையை வேண்டிக்கொண்டால் கூலிக்காரர்களுக்கே கோபம் வரும். சோளம் விதைத்தவன் மழைக்காகக் கும்பிட, அவன் பெண்டாட்டி கம்பெனியில் காயப் போட்ட வெடி நனையக் கூடாதென்று அதே சாமியைக் கும்பிடுவாள். சாமி என்ன செய்யும், பெரும்பாலும் சும்மா இருந்துவிடும்.

அச்சங்குளம் போகிற டவுன் பஸ்ஸிலிருந்து ஊருக்கு முந்தின விலக்கில் தஹ்மீனா டீச்சர் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. சாத்தூர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற பீர் முகைதீனின் மூத்த மகள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். பதினொரு ஊர்களில் நாற்பத்தாறு பிள்ளைகள் அவள் கணக்கில் இருந்தார்கள். பள்ளிக்கு வர முடிகிறவர்களைப் பள்ளியிலும், முடியாதவர்களை வீட்டிலும் போய்ப் பார்ப்பாள். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி அந்த வீட்டுக்கு முறை வர மூன்று வாரத்துக்கு மேலேயே ஆகிவிடும்.

அன்றைக்கு முறை மாரிசெல்வி வீடு. மாரிசெல்விக்கும் அருள்பாண்டிக்கும் ஒரே மகள். கல்யாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்ததால் குலசாமி பேரை வைத்து ராக்காயி என்றார்கள், கூப்பிடுவது ராக்கு. ஒன்பது வயதாகிறது. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று மதுரையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எப்போதாவது வலிப்பு வரும், அதற்கு இரண்டு வேளை மாத்திரை. கையில் எது கிடைத்தாலும் முதலில் மூக்கருகில் கொண்டுபோவாள். மனிதர்களையும் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தாள். தஹ்மீனா வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், கைப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வந்து உட்கார்வாள்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு எரிந்தது. சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கேஸ் தீர்ந்துபோயிருக்கும் என்று தஹ்மீனா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நிழலில் மாரிசெல்வி குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். வெடிக்கான வெற்றுத்தாள் குழாய். தாளின் ஓரத்தில் மைதாப் பசையை இழுவி, இரும்புக் கம்பியில் சுற்றி, பலகையால் அழுத்தி ஒரு தேய். கம்பியை உருவினால் குழாய் நிற்கும். தாளும் பசையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை, வீட்டில் வைத்துச் செய்யலாம். நாலு வருசத்துக்கு முன்பு வரை அவளும் கம்பெனிக்குப் போனவள்தான்.

"வாங்க டீச்சர். காலையில இருந்து ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டீகளா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ரெண்டு வடையத் தின்னேன். ராக்கு எங்க?"

"உள்ள இருக்கா. மொதல்ல உக்காருங்க, வெள்ளரிக்கா அறுத்துத் தாரேன். இன்னைக்கு நாலாவது வாரம் ஆரம்பம் டீச்சர். நீங்க வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு கைய வைக்காம இருக்கேன்."

"எது நாலாவது வாரம்?"

"நீங்க எழுதிக் குடுத்த தாளுல உள்ளதுதான். மூணு வாரமும் ஒரு நாள் விடல. எனக்கே காய்ச்சல் வந்து கெடந்தப்பவும் எந்திரிச்சுச் செஞ்சேன்."

தஹ்மீனாவுக்கு வெயில் களைப்பு பாதி போய்விட்டது. அவள் எழுதிக் கொடுக்கிற தாள்கள் பெரும்பாலும் ரேசன் கார்டு உறைக்குள் போய்ச் சேரும், இல்லையென்றால் பால் செம்புக்கு மூடியாகும். ஒரு தாய் தாளில் உள்ளபடி நாள் தவறாமல் செய்தேன் என்று சொன்னது இந்தப் பன்னிரண்டு வருச வேலையில் இதுதான் முதல் தடவை.

அந்தத் தாள் வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுதி வட்டார வள மையத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்கு எழுதியதில் பேரை மாற்றி அடுத்த பிள்ளைக்கு எழுதுவாள். தப்பு என்று தெரியும். ஆனால் நாற்பத்தாறு பேரைத் தனியொருத்தி தலையில் கட்டிவிட்டு நியாயம் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது, எனக்கும்தான் பிடிக்காது. ஆனி மாதம் ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் லட்சுமிகாந்தம் சார், போனில் ஏஐயிடம் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது திட்டம் எழுதித் தரும் என்று செய்து காட்டினார்.

"அது ஒங்க பிள்ளையப் பாத்ததில்ல, ஒங்க ஊரையும் பாத்ததில்ல. எழுதித் தந்ததப் படிச்சுப் பாத்துட்டு அப்பறமா கையெழுத்துப் போடுங்க" என்று நாலைந்து தடவை சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதலில் ரியாஸுக்கு எழுத வைத்தாள். கைவிரல் இறுக்கத்தால் பென்சில் பிடிக்க முடியாத பையன். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுங்கள், அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதன்மேல் எழுதச் சொல்லுங்கள் என்று அது சொன்னது. பதினைந்தே நாளில் பையன் தன் பேரின் முதல் எழுத்தை எழுதினான். தஹ்மீனா அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாருக்கும் காட்டினாள். அன்றிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. ராக்குவின் முறை வந்தபோது போனை மாரிசெல்வியின் முன்னால் வைத்து, பிள்ளையைப் பற்றி மனதில் பட்டதையெல்லாம் பேசச் சொன்னாள். பேசியதெல்லாம் எழுத்தாகி, எழுத்தெல்லாம் திட்டமாகிக் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. மறுநாள் சாத்தூரில் அச்செடுத்து, முத்திரை குத்தி, பள்ளிக்கூடம் வழியாகக் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டு வீட்டுக்குள் போனார்கள். ஒற்றை அறையும் அடுப்படியும். சுவரில் அந்தத் தாள் குழாய்ப் பசையால் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள் மாரிசெல்வி. ஐந்து இலக்குகளில் நாலாவதற்கு நேராக மட்டும் கரிக்கோடுகள், ஒரு நாளுக்கு ஒன்றாக.

"ஏலே ராக்கு, டீச்சர் வந்திருக்காக பாரு."

ராக்கு வந்து கைப்பையை முகர்ந்தாள். ஆனால் மடியில் உட்காரவில்லை. நேரே ஜன்னலடிக்குப் போய் நின்றுகொண்டாள். மாரிசெல்வி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். ஜன்னல் திண்டில் மணல் நிரப்பிய மண்சட்டி ஒன்று இருந்தது. அதற்குள் புதைத்து வைத்திருந்த சின்ன எவர்சில்வர் டப்பாவை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் கருப்பட்டியைத் தட்டி வைத்திருந்தது.

மூடியைத் திறந்ததும் ராக்கு குனிந்து மூச்சை இழுத்தாள். சிரித்தாள். சுட்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய கருஞ்சாம்பல் பொடியை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீகளா டீச்சர்?" என்றாள் மாரிசெல்வி. "மொத நாளு இதத் தொறந்தப்ப செவுத்துல முட்டிக்கிட்டா. இப்ப அவளே வந்து நிக்கா."

"இது என்ன சூரணம்? எந்த வைத்தியருட்ட வாங்குனீக? வலிப்பு மாத்திரையோட கண்டதையும் சேத்துக் குடுக்கக் கூடாதும்மா."

"சூரணமா? மருந்து டீச்சர்."

"மருந்து சரி. எதுக்குள்ள மருந்து?"

"எதுக்குள்ளன்னு கேட்டா? வெடிக்குள்ளதுதான்."

தஹ்மீனாவுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. பொடியைப் பார்த்தாள், பிள்ளையின் விரலைப் பார்த்தாள், கருப்பட்டித் தட்டைப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். டப்பாவை எடுத்து வாசல் வழியாக வீசப் போனாள்.

மாரிசெல்வி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வீசாதீக. அங்கன அடுப்பு எரியுது. மொதல்ல அதக் கீள வைங்க. தட்டாம, உரசாம வைங்க டீச்சர்."

வைத்தாள்.

"வீட்டுக்குள்ள, பிள்ள இருக்கிற வீட்டுக்குள்ள இதக் கொண்டாந்து வச்சிருக்கீகளே. ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நான் அஜாக்கிரதையா வைக்கல. மூணு வாரமா வீட்டுக்குள்ள அடுப்புப் பத்த வைக்கல, எல்லாம் மரத்தடியிலதான். சாமிக்கு வெளக்குக் கூடப் போடல. அவுகளப் பீடி குடிக்க விடல. மணலுக்குள்ளதான் வச்சிருக்கேன். இம்புட்டுக்கும் ஒரு சிட்டிகைதான்."

"யாரு இப்பிடிச் செய்யச் சொன்னது?"

மாரிசெல்வி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சுவரைக் காட்டினாள்.

தஹ்மீனா போய் நின்று தன் முத்திரை குத்திய தாளைப் படித்தாள். உள்ளதைச் சொன்னால், அந்தத் தாளை முழுசாக அவள் படித்தது அப்போதுதான்.

'இலக்கு 4: மருந்து குறித்த அச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தல். முதல் வாரம்: மருந்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் குழந்தையின் பார்வையில் படும்படி வைக்கவும். இரண்டாம் வாரம்: அதன் வாசனையை அறியச் செய்யவும். மூன்றாம் வாரம்: விரலால் தொடச் செய்து, தொட்டவுடன் பாராட்டவும். நான்காம் வாரம்: மிகச் சிறிதளவை இனிப்புடன் சேர்த்து நாவில் வைக்கவும்.'

போனை எடுத்து, அன்றைக்கு மாரிசெல்வி பேசியது எழுத்தான இடத்தைத் தேடினாள். அப்படியே இருந்தது. 'மருந்துன்னா ராக்குவுக்கு ஆகவே ஆகாது. வாடை பட்டாலே காதப் பொத்திக்கிட்டு வீறிடுவா. அவுகப்பா மருந்துக் கையோட கிட்ட வந்தா கடிச்சு வச்சிருவா. நாலு வருசமா இப்பிடித்தான். இந்த ஒரு பயத்துக்கு ஏதாச்சும் வளி பண்ணுங்க டீச்சர்.'

ஆஸ்பத்திரியில் கொடுப்பதை இந்தப் பக்கத்தில் மாத்திரை என்பார்கள், டானிக் என்பார்கள், ஊசி என்பார்கள். மருந்து என்று சொன்னால் அது கம்பெனி மருந்து ஒன்றுதான். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. போனுக்குள் இருப்பதற்கு அது தெரிய வழியில்லை. அப்பன் மாத்திரை கொடுக்க வந்தால் பிள்ளை கடிக்கிறது என்று அது புரிந்துகொண்டு, அதற்குத் தெரிந்த நல்ல வழியைச் சொல்லியிருக்கிறது. அடியில் இரண்டு வரி வேறு இருந்தது. எந்த மருந்து என்பதை ஆசிரியர் உறுதிசெய்ய வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நாவில் வைக்கக் கூடாது என்று. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமென்று அச்செடுக்கும்போது அடிவரிகளை வெட்டியவள் தஹ்மீனாதான். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது பிள்ளைகளுக்கு அச்செடுத்தாள்.

"ஏம்மா, இதப் படிச்சப்பவாவது ஒங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்துச்சே. வந்துதான ஒங்களுக்குப் போன் போட்டேன். மருந்தையா டீச்சர் பளக்கச் சொல்றீகன்னு கேட்டேன். ஆமாம்மா, மெல்ல மெல்லப் பளக்குங்க, அவசரப்படாதீகன்னு சொன்னீக. பஸ்ஸுல இருந்தீக போல, ஒரே எரைச்சலு."

ஞாபகம் வந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேசியது.

"அவுக மாட்டேன்னுதான் நின்னாக. கம்பெனிச் செட்ட விட்டு மருந்து வெளிய போகக் கூடாது, தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னாக. நான்தான் சண்ட போட்டேன். பாம்பு கடிச்சா பாம்பு விசத்துலதான ஊசி செஞ்சு போடுறாக, அது மாதிரிதான் இதுவும், டீச்சருக்குத் தெரியாதா நமக்குத் தெரியப் போகுதுன்னேன். பெறகுதான் இருக்கிறதுலயே சாதுவான மருந்தாப் பாத்து ஒரு சிட்டிகை கொண்டாந்தாக." மாரிசெல்வி கருப்பட்டித் தட்டைப் பார்த்தாள். "நாக்குல வைக்கிறதுக்குத்தான் எனக்கு மனசு வரல. அதான் நீங்க வரட்டும்னு இருந்தேன்."

ஒரு மணி நேரம் பஸ் முந்தி வந்திருந்தால் என்ன, பிந்தி வந்திருந்தால் என்ன என்றெல்லாம் தஹ்மீனாவின் புத்தி ஓடியது. பிந்தி வந்திருந்தாலும் இவள் வைத்திருக்கமாட்டாள். டீச்சர் வந்த பிறகுதான் வைப்பது என்று இருந்திருக்கிறாள். அதை நினைக்கவும் இன்னும் மோசமாக இருந்தது.

"மாரிசெல்வி, இத நான் எழுதல."

"என்ன சொல்றீக?"

"போனுல ஒண்ணு இருக்கு. அது எழுதுச்சு. நீங்க மருந்துன்னு சொன்னத மாத்திரன்னு நெனச்சுக்கிட்டு எழுதிருச்சு."

மாரிசெல்வி சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். மஞ்சள் தடவிய மூலைகளைப் பார்த்தாள். அவளுக்கு எது முதலில் உறைத்தது என்று சொல்ல முடியாது. மூன்று வாரமாகத் தன் கையால் செய்ததா, அதைச் சொன்னது டீச்சரே இல்லை என்பதா. பிறகு கேட்டாள்.

"அதுக்கு நம்மூரு மருந்து தெரியாது. சரி. ஒங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?"

தஹ்மீனாவுக்குத் தெரியும். சாத்தூரில் பிறந்தவள். அவள் படித்த பள்ளிக்கூடத்து ஜன்னல் எத்தனையோ தடவை அதிர்ந்திருக்கிறது.

"படிச்சுப் பாக்கல" என்றாள். "படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான், அது மேல ஒண்ணும் இல்ல."

மாரிசெல்வி ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசவில்லை. எழுந்து ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்தாள். டப்பாவைத் தண்ணீருக்குள் முக்கி, நீருக்கு அடியிலேயே கவிழ்த்தாள். கருஞ்சாம்பல் கரைந்து பரவியது. ராக்கு ஓடிவந்து வாளிக்குள் கையை விடப் பார்த்தாள். தாய் தடுக்கவும் தரையில் உள்ளங்கையால் அடித்து அடித்து முனகினாள். தஹ்மீனா கைப்பையை நீட்டினாள். ராக்கு அதைத் தள்ளிவிட்டாள்.

"இவளுக்கு இந்தப் பயம் எப்பிடி வந்துச்சுன்னு நான் ஒங்ககிட்டச் சொன்னேனா டீச்சர்?"

"இல்லம்மா. நான் கேக்கவும் இல்ல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அப்ப இவளுக்கு அஞ்சு வயசு. வீட்டுல பாத்துக்கிட ஆள் இல்ல, கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயி மரத்தடியில வெளையாட விட்டிருப்பேன். அவுக தங்கச்சி செல்வலட்சுமியும் அங்கனதான் வேல. சோத்து நேரத்துல வந்து இவளத் தூக்கி வச்சு ஊட்டிட்டு, செட்டுக்குள்ள போனா. அவ போயி எல உதிர்ற நேரங்கூட இருக்காது, வெடிச்சிருச்சு. அந்தச் செட்டு நின்ன எடத்துல தரைதான் இருந்துச்சு. இவள நான் தூக்கிக்கிட்டு ஓடுறேன், எம்மேல எல்லாம் அந்த வாடைதான். அன்னைல இருந்துதான் வாடை ஆகாது. அன்னைல இருந்துதான் நானும் கம்பெனிக்குப் போகல."

ராக்கு முனகுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கேட்கும் முன்பே அவள் எழுந்துவிட்டிருந்தாள்.

மருந்து கலக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். மருந்து கலக்கிற அருள்பாண்டியும் செட்டைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். நாலு வருசமாக அவன் பம்புசெட்டில் குளித்து, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான், அப்படி வந்தும் ராக்கு பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அன்றைக்கு வேலைச் சட்டையோடு நேரே வந்தான். காது மடலிலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் மின்னியது. ராக்கு ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு சட்டையில் முகத்தைப் புதைத்தாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்தான்.

"டீச்சரம்மா, எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீகல்ல? பத்து நாளா இப்பிடித்தான். எம்மகளத் தூக்கி நாலு வருசமாச்சு டீச்சரம்மா. தூங்குறப்ப போயி மொகத்தப் பாத்துட்டு வருவேன். ஒங்களுக்கு என்ன செஞ்சாலும் தகும். ஏ புள்ள, டீச்சருக்கு முட்ட கிட்ட வாங்கிப் போட்டியா?"

மாரிசெல்வி வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் தப்பாப் போச்சு. அது மாத்திரைக்கு எழுதுனதாம்."

தஹ்மீனா சொன்னாள். முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். அருள்பாண்டி மகளை இறக்கிவிடாமலே கேட்டான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது, முழுசாக இறங்கவில்லை.

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். பலிச்சிருச்சுல்ல? பிள்ள எங்கிட்ட வந்திருச்சு. டப்பாதான் வேண்டாம், சரி, கொட்டிட்டீக. இனிமே வீட்டுக்கு ஒரு பொட்டுக் கொண்டார மாட்டேன். ஆனா இதப் போயித் தப்புன்னு மட்டும் சொல்லாதீக டீச்சரம்மா. நீங்க நல்லா இருப்பீக."

"அண்ணே, அவ ஒங்ககிட்ட வரல. வாடைக்கு வாரா."

"வாடைக்கே வரட்டுமே. அவளுக்கு அப்பன்னா அந்த வாடைதான. எல்லாப் பிள்ளையும் மொகத்தப் பாத்து வரும், எம்பிள்ள வாடைய வச்சு வருது. முந்தாநேத்து என்ன செஞ்சா தெரியுமா? இவ கொளாயி குடுக்கப் போயிருக்கா, அந்தச் சமயத்துல தன்னால நடந்து கம்பெனி கேட்டு வரைக்கும் வந்துட்டா. ஒண்ணரை மைலு டீச்சரம்மா. யாரும் வளி காட்டல. காத்து அந்தப் பக்கம் இருந்து அடிச்சிருக்கு, மோந்து பாத்துக்கிட்டே வந்திருக்கா. வாச்மேன் பிடிச்சு வச்சிட்டு எனக்கு ஆள் விட்டாரு. என் மக அப்பனத் தேடி வந்திருக்கான்னு அங்கன உள்ள எல்லாருகிட்டயும்..."

அதோடு நின்றுவிட்டது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டான் போல. தோளில் இருந்த மகளைக் கைகளால் சுற்றி இறுக்கினான்.

"எங்கிட்டச் சொல்லலையே" என்றாள் மாரிசெல்வி. "பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருந்தா, கூட்டியாந்தேன்னு சொன்னீகளே."

"நீ பயப்படுவன்னு சொல்லல."

தஹ்மீனாவுக்கு அந்தப் பாதை தெரியும். சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, பிறகு கம்பி வேலி. வேலியில் ஆடு நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். உள்ளே செட்டுகள் தள்ளித் தள்ளி நிற்கும். வெயிலில் மருந்து காயும். நாலு வருசமாக அந்தத் திசைக்கே முகத்தைத் திருப்பாமல் இருந்த பிள்ளை. கோடி ரூபாய் கொட்டிக் கொடுத்தாலும் யாராலும் போட முடியாத வேலி அவளைச் சுற்றி இருந்தது. அதைத்தான் நாளுக்கொரு கரிக்கோடு போட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள். பாராட்டிப் பாராட்டிப் பிடுங்கியிருக்கிறார்கள். தஹ்மீனா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அருள்பாண்டி மகளை இறக்க முயன்றான். அவள் இறங்கவில்லை. சட்டையைக் கழற்றினான். ராக்கு சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். வெற்று மேலோடு அவன் கூப்பிட்டான், "ராக்கு, ஏலே ராக்கு, இங்கன பாரு." அவள் திரும்பவில்லை.

"நான் குளிச்சிட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். போகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

மாரிசெல்வி எழுந்து வந்து தஹ்மீனாவின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் குரலில் இன்னும் மரியாதை மிச்சம் இருந்தது.

"டீச்சர், அந்தப் பயத்த அவளுக்குத் திரும்பக் குடுத்துருங்க."

"மாரிசெல்வி..."

"போக்கத் தெரிஞ்சுச்சுல்ல, மூணே வாரத்துல. திரும்ப வர வைக்கிறதுக்கும் ஏதாச்சும் இருக்கும்ல? அந்தப் போனுல கேட்டுப் பாருங்க. அது மாத்திரன்னு நெனச்சதுனாலதான இப்பிடி ஆச்சு. இப்பத் தெளிவாச் சொல்லுவோம். நான் பேசுறேன், எங்கிட்டக் குடுங்க."

தஹ்மீனா போனை எடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்குப் பயத்தை உண்டாக்க அது திட்டம் எழுதித் தராது. தந்தாலும் அதைச் செய்ய யாருக்கு மனசு வரும்? அந்தப் பயம் வந்த விதம் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்னொரு செட்டு வெடித்தால்தான் அது வரும்.

"பயத்தத் திரும்பக் குடுக்க எனக்குத் தெரியாதும்மா. எதுவும் தெரியாமத் தெரிஞ்ச மாதிரி இனிமே எழுதவும் மாட்டேன். இன்னைக்கே வள மையத்துல போயி நடந்ததச் சொல்றேன். அவுக என்ன செஞ்சாலும் செய்யட்டும். மத்த நாப்பத்தஞ்சையும் ஒக்காந்து ஒவ்வொரு வரியாப் படிக்கணும். இவளுக்குப் புதுசா எழுதணும். ஒங்க கூட இருந்து, கையாலயே எழுதுறேன்."

"என்ன எழுதுவீக?"

"அந்தப் பாதைப் பக்கம் போகவிடாம நிறுத்துறதுக்கு. அவளுக்குப் பயம் உள்ள வேற ஏதாச்சும் ஒண்ண வச்சுத்தான் தொடங்கணும். நாயி, பஸ்ஸு ஹாரன், இடி, எதுவா இருந்தாலும் சரி. அது இருக்கிற பக்கம் அவ போகமாட்டாள்ல?" தஹ்மீனா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து, பேனாவைத் திறந்தாள். "மெதுவாச் சொல்லுங்க. அவளுக்கு வேற எதுக்கெல்லாம் பயம்?"

மாரிசெல்வி யோசித்தாள். மூலையில் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். தஹ்மீனா பேனாவோடு காத்திருந்தாள்.

"வேற எதுக்கும் இல்ல டீச்சர்" என்றாள். "அவளுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."